இனி ஒரு போர்கூட வேண்டாம்

வறண்ட நாட்டு விவசாயிகள் நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்க்கிறார்கள். அவர்களுக்குப் புத்தி சொல்ல, மழை கொட்டும் பினாங்கில் ஒரு மையம் இருக்கிறது. அதில் நான் உதவி அதிகாரி. நான் இதுவரை வளர்த்த ஒரே செடி என் மேஜைமேல் இருக்கிறது. அது பிளாஸ்டிக்.

இந்த வருட மாநாட்டை லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்து ஹோட்டலில் வைத்தோம். 'இனி ஒரு போர்கூட வேண்டாம்' என்று தமிழ்ப் பதாகை கட்டினேன். ஆழ்துளைக் கிணற்றைத்தான் சொன்னேன். அங்கிருந்த ஒரு துணிக்கடைக்காரர் உலக சமாதானம் என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலு என்ற விவசாயியை விமானத்தில் வரவழைத்தோம். அவர் போட்ட போர்கள் ஒவ்வொன்றாக வற்றியிருந்தன. அந்த அனுபவத்தைப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு.

பல நாட்டுப் பேராளர்கள் மாநாட்டுக்கு வந்து இறங்கிய அன்றே சாலையில் பெரிய குழாய் உடைந்து, ஹோட்டலில் தண்ணீர் நின்றது. எதற்கும் 'லா' சேர்த்துப் பேசும் இயக்குநர் டோரதி மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"லோகேஸ், பின்னால காலி இடம் இருக்கு. ஒரு போர் போடச் சொல்லு லா."

"மேடம், மாநாடே அதுக்கு எதிராத்தானே?"

"அது விவசாயிங்களுக்கு. இது அவசரம்."

"அவங்களும் அவசரம்னுதான் சொல்றாங்க."

"அவங்களுக்குப் பயிர்தான் வாடுது. இங்க பேராளருங்க குளிக்காம இருக்காங்க லா!"

நியாயம் உடனே விளங்கியது. விளங்காதவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பதில்லை. 'தற்காலிக நீராதார மாற்று ஏற்பாடு' என்று உத்தரவு எழுதினேன்.

போர் போடும் லாரி வந்தது, தண்ணீரும் வந்தது. பக்கத்து ஹோட்டல்காரர் பார்த்தார். எங்களைவிட ஆழமாக ஒன்று போட்டார். எங்கள் குழாயில் வெறும் காற்று வந்தது. விடுவோமா? நாங்கள் இன்னும் ஆழம் போனோம். கடல் பக்கத்தில் இருக்கிறதே, உப்புத் தண்ணீர் வந்தது. பேராளர்கள் அதில் குளித்து, முடி விறைத்துப் போய் மேடையேறினார்கள். வேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கவனித்தார்.

கடைசி நாள் அவர் பேசினார். மொழிபெயர்ப்பு நான்.

"இனிமே போர் போடுறதில்லைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். ஆனா இவ்வளவு படிச்சவங்களுக்கே நிறுத்த முடியலையே! மனசு லேசாயிடுச்சு. ஊருக்குப் போனதும் பக்கத்துத் தோட்டக்காரனைவிட ஆழமா ஒண்ணு போடப் போறேன். நன்றிங்க."

அரங்கம் என் வாயைப் பார்த்தது. அங்கே தமிழ் தெரிந்த இன்னொருவர் டோரதி மேடம். அவரும் பார்த்தார்.

"எங்கள் மையத்தால் தாம் ஆழமான ஊக்கம் பெற்றதாகச் சொல்கிறார்," என்றேன்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் புதுப் போருக்கு இத்தனை நாட்டு நிபுணர்கள் ஆதரவு தருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.