மீள்பார்வைக்கு ஐம்பது மார்க்

கலைகள் மொத்தம் அறுபத்து நான்கு என்று எண்ணி முடித்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். இன்னும் சில நூற்றாண்டுகள் பொறுத்திருந்தால், அத்தனையையும் தூக்கிச் சாப்பிடும் அறுபத்தைந்தாவது கலையைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள். ஒரு காரியத்தைக் கன்னாபின்னாவென்று செய்துவிட்டு, பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, "இதை இப்படித்தான் செய்ய நினைத்தோம்" என்று நாற்பது பக்கம் எழுதும் கலை அது. படித்தவர்கள் அதை 'மீள்பார்வை அறிக்கை' என்பார்கள்.

இந்தக் கலையை வளர்ப்பதையே உயிர்மூச்சாகக் கொண்டிருந்தது அந்தக் கல்லூரியின் ஊடகத் துறை. இறுதியாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும். அதற்கு இருபது மார்க். போஸ்டர், ஆல்பம் உறை முதலான 'விளம்பரப் பொருள்களுக்கு' முப்பது. இதையெல்லாம் ஏன் செய்தோம் என்று யோசித்து எழுதும் மீள்பார்வைக்கு ஐம்பது. சமைத்ததற்கு இருபது, பாத்திரத்தைப் பளபளவென்று துலக்கியதற்கு முப்பது, ஏப்பத்துக்கு ஐம்பது என்ற இந்தத் தொலைநோக்குப் பங்கீட்டை வகுத்தவர் துறைத் தலைவர் மேடம். அவர் அறையில் நாற்காலிகள் மூன்று. மூன்றிலும் பழைய மீள்பார்வை அறிக்கைகள் உட்கார்ந்திருக்கும். மனிதர்கள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

அந்த வருடக் குழு ஒன்றில் மூன்று பேர். முதலாமவன் 'டைரக்டர்'. முதலாமாண்டில் ஒரு தொப்பி வாங்கினான், அன்றிலிருந்து டைரக்டர். பெற்ற அம்மாகூட "டைரக்டர், சாப்பிட வாடா" என்றுதான் கூப்பிடுவாள். இரண்டாமவள் 'முகம்'. எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுத்தாலும் நன்றாக விழும் என்பதால் வந்த பெயர். மூன்றாமவள், எடுத்ததை வெட்டி ஒட்டுகிற 'கத்தரி'. போஸ்டர் வடிவமைப்பதும் அறிக்கை எழுதுவதும் அவள் தலையில்தான் விடிந்தது. குழுவில் வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்ற சிறு காரணத்தால் அப்படி அமைந்துவிட்டது.

பாட்டு மட்டும் இவர்களுடையது இல்லை. அது கத்தரியின் அக்காவுடையது.

அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், ஒரு சுவிட்ச். "ஐந்தாம் நடைமேடையில் நிற்கும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்று அவள் சொன்னால், தூங்கிக்கொண்டிருப்பவன்கூடப் பதறாமல் எழுந்து போவான். அப்படி ஒரு குரல். ஊரே அந்தக் குரலைக் கேட்டுத்தான் போகிறது, வருகிறது. ஆளைத்தான் ஒருவருக்கும் தெரியாது. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே கிடைத்த இடைவெளிகளில், அறிவிப்புச் சீட்டுகளின் பின்பக்கம் அவள் ஒரு பாட்டு எழுதி, தானே மெட்டும் போட்டிருந்தாள்.

*எல்லாரும் ஏறிப் போன பின்னே
என் பேரைச் சொல்லிக் கூப்பிட யாரு?*

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரி துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு, அக்காவை அதற்குள் நிற்கவைத்துப் பதிவு செய்தாள். அக்கா ஒரே தடவைதான் பாடினாள். "போதுமாடி? பத்தரைக்கு டூட்டி" என்று கேட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கத்தரி ஹெட்போனில் திரும்பக் கேட்டாள். வெட்டுவதற்கு ஓர் இடம்கூட இல்லை.

படப்பிடிப்பு மட்டும் மூன்று நாள் நடந்தது. முகம் வாயசைத்தாள். முதல் நாள் கேமராவின் ஃபோகஸ் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டது. முதல் சரணம் முழுக்கக் கடிகாரம் ஜொலிக்கிறது. முகம் ஆவி மாதிரி அலைகிறாள். இரண்டாம் நாள், உருக்கமான இடத்தில், மின்விசிறி மாட்ட வந்த ஊழியர் ஒருவர் ஏணியோடு குறுக்கே போனார். போனவர் எதையோ மறந்து திரும்பியும் வந்தார். மூன்றாம் நாள் எடுத்த கடைசிச் சரணத்தை, தொப்பியோடு சேர்த்து மெமரி கார்டையும் துவைக்கப் போட்டு, டைரக்டர் நீரில் கரைத்தான். அதனால் பாட்டின் கடைசி நாற்பது விநாடி வெறும் கறுப்புத் திரை.

"வீடியோ போனா போகட்டும். அது இருபது மார்க்தானே? போஸ்டர்ல பிடிச்சிடலாம்" என்றான் டைரக்டர். எவ்வளவு பெரிய மனசு!

போஸ்டர் வேலை துறையின் கணினி அறையில் நடந்தது. நடுவில் முகத்தின் முகம். மேலே தலைப்பு. கீழே 'எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, கருத்தாக்கம்' என்று நான்கு இடத்தில் டைரக்டரின் பெயர். கத்தரி ஐந்தாவது வரியாக, 'பாடல், இசை, குரல்' என்று போட்டு அக்காவின் பெயரை அடித்தாள்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றினான். தீவிரமான விஷயங்களுக்கு மட்டும்தான் கழற்றுவான்.

"இது வேணாமே."

"ஏன்? அவ பாட்டுதானே?"

"பாட்டு அவங்களுது, சரி. ஆனா பிராண்ட் யாரு? முகம். குரல் வேற ஆளோடதுன்னு போட்டா, அப்போ இவ என்ன பண்றான்னு கேக்க மாட்டாங்களா?"

"நான் பாடலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே" என்று முகமும் கவலைப்பட்டாள்.

"அதுவுமில்லாம அவங்க வெளியாள். வெளியாள் வேலைன்னு மேடம் மார்க் குறைச்சிட்டா? சும்மா இடமில்லைன்னு விட்டுடு. உங்க அக்காதானே, கோவிச்சுக்கவா போறாங்க?" என்றான் டைரக்டர்.

கத்தரி அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானை ஒரே ஒரு தடவை அமுக்கினாள். அவள் தொழிலில் அது ஆயிரம் முறை செய்கிற காரியம். அன்றைக்கு மட்டும் விரல் அந்தப் பொத்தானிலிருந்து எழ நேரமாயிற்று.

அடுத்தது ஆல்பம் உறை. உறையின் பின்பக்கத்தில் எட்டுப் பாடல்களின் பட்டியல் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்ததோ ஒரே பாட்டு. மற்ற ஏழு தலைப்புகளை, அறையைச் சுற்றிப் பார்த்து டைரக்டர் சொல்லச் சொல்லக் கத்தரி அடித்தாள்: 'ஈரக்குடை', 'மூன்றாம் ஜன்னல்', 'ஓடாத மின்விசிறி'... பிறக்காத ஏழு பாட்டுக்கும் தாராளமாக இடம் இருந்தது.

போஸ்டர்கள் ஊரெல்லாம் ஒட்டப்பட்டன. 'இலக்கு ரசிகர்கள்' கூடும் இடம் என்று ஆய்ந்து தெளிந்து, பேருந்து நிலையத்திலும் டைரக்டர் ஒட்டினான். வழுவழுப்பான இடம் தேடியவனுக்கு அக்காவின் கண்ணாடிக் கூண்டுதான் கிடைத்தது. பின்கதவு வழியாகவே வந்துபோகிற அக்காவுக்கு உள்ளேயிருந்து மூன்று நாளாக ஒரு வெள்ளைத் தாளின் முதுகுதான் தெரிந்தது. நான்காம் நாள் டீ குடிக்க வெளியே வந்தபோது முன்பக்கத்தைப் படித்தாள்.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள்: "என் பேரு எங்கேடி?"

"அச்சுல விட்டுப்போச்சுக்கா."

"ஓ" என்றாள் அக்கா. "பாவம், அவங்களுக்கு எத்தனை வேலையோ." கைகால் கழுவப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கத்தரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பிறகு மீள்பார்வை தொடங்கியது. அங்கேதான் கத்தரியின் மேதைமை வெளிப்பட்டது. மங்கலான முகத்தைப் பற்றி, 'காலமே இங்கு கதாநாயகன். மனிதர் வெறும் புகைமூட்டம்' என்று எழுதினாள். ஏணி, 'உழைக்கும் வர்க்கத்தின் குறுக்கீடு'. ஏணிக்காரர் திரும்பி வந்தது, 'அக்குறுக்கீட்டின் தவிர்க்கவியலாத மறுவருகை'. வாயசைவு அரை விநாடி பிந்தியது, 'உடலும் குரலும் ஒன்றுக்கொன்று அந்நியமாதல்'. கறுப்புத் திரைக்கு மட்டும் ஒன்பது பக்கம். தலைப்பு, 'இன்மையின் இருப்பு'. எழுத எழுத அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கடைசியில் ஒரு சிக்கல் முளைத்தது. 'குறைகள்' என்ற பகுதியில் குறைந்தது ஒரு குறையாவது ஒப்புக்கொண்டே தீர வேண்டும். நேர்மைக்கு ஐந்து மார்க்.

"நம்மகிட்ட குறையே இல்லையே!" டைரக்டர் பதறினான். "எல்லாத்தையும்தான் நோக்கம்னு எழுதிட்டோமே. ஒண்ணாவது மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?"

"அக்கா பேரைப் போடலையே" என்றாள் கத்தரி மெல்ல.

"பிரமாதம்! ஆனா 'போடலை'ன்னு எழுதாதே. 'விடுபட்டது'ன்னு எழுது."

எழுதினாள்: 'இடப்பற்றாக்குறை காரணமாகப் பாடகியின் பெயர் தவறுதலாக விடுபட்டது.' நாற்பது பக்கத்தில் அவள் நாலு தடவை அழித்து அழித்து எழுதியது இந்த ஒரு வரியைத்தான்.

திரையிடலுக்கு அக்கா அரைநாள் விடுப்புப் போட்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஏணிக்காரர் இரண்டாம் முறை வந்தபோது கைப்பையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கறுப்புத் திரையில் அவள் குரல் மட்டும் ஒலித்த நாற்பது விநாடி, அரங்கில் யாரும் அசையவில்லை. அதன் பிறகு எழுத்துகள் ஓடின. டைரக்டர் நான்கு முறை, முகம் ஒரு முறை, கத்தரி ஒரு முறை. இறுதியாக, 'ஏணியுடன் ஒத்துழைத்த ஊழியர் அண்ணனுக்கு நன்றி'. அக்காவுக்கு மிச்சமிருந்த சிரிப்பும் நின்றது.

மேடம் எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "அந்தக் குரல்! எங்கே, ரெண்டு வரி இப்போ பாடும்மா" என்றார் முகத்தைப் பார்த்து.

முகம் வாயைத் திறந்தாள். பழக்க தோஷம், சத்தம் வரவில்லை.

டைரக்டர் சட்டென்று முன்னால் வந்தான். "மேடம், இந்த மௌனமும் படைப்போட ஒரு பகுதி. பாட்டு திரையோட முடியல. அது இவங்களுக்குள்ள கேட்டுக்கிட்டிருக்கு."

"அபாரம்!" என்று மேடம் குறித்துக்கொண்டார். கைதட்டல் அடங்கி, கத்தரி திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசை காலி.

ஒரு வாரத்தில் அறிக்கை திருத்தி வந்தது. தொண்ணூற்றொரு மார்க். அக்கா தன் வார விடுமுறையில், சாப்பாட்டு மேஜையில் அதை விரித்து வைத்து, ஒரு பக்கம் விடாமல் படித்தாள். கத்தரி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். கண்ணில் நீர் வருவதற்கு அது வசதியாக இருந்தது. 'விடுபட்டது' என்ற வரியின் ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இந்த அறிக்கையிலேயே மிக நேர்மையான வரி. ஐந்துக்கு ஐந்து.'

அக்கா அறிக்கையை மூடினாள். குரலை உயர்த்தவில்லை. வண்டி தாமதம் என்று அறிவிக்கிற அதே நிதானம்.

"தெரியாம நடந்தது எல்லாத்தையும் வேணும்னு செஞ்சதா எழுதியிருக்கே. வேணும்னு செஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதை மட்டும் தெரியாம நடந்ததுன்னு எழுதியிருக்கே."

கத்தரி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். சமாதானங்கள் எல்லாம் நாற்பது பக்கத்தில் தீர்ந்துபோயிருந்தன.

மறுநாள் காலை முதல் வேலையாக அறிக்கையோடு மேடம் அறையில் போய் நின்றாள்.

"மேடம், ஒரு திருத்தம். எங்க அக்கா பேரு தவறுதலா விடுபடல. இடம் நிறைய இருந்தது. நானேதான் எடுத்தேன். தெரிஞ்சே, வேணும்னே எடுத்தேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேணும்னேவா?"

"ஆமா மேடம்."

"அடடா! இதை ஏம்மா குறைன்னு எழுதினே? பெயர் இல்லாத குரல்! கூப்பிட யாருமில்லைன்னு பாடறவளோட பேரையே எடுத்திருக்கே! எவ்வளவு ஆழமான நோக்கம்!" அறிக்கையை வாங்கி, 'குறைகள்' என்பதை அடித்துவிட்டு, 'சாதனைகள்' என்று எழுதினார். "அடுத்த வருஷப் பசங்களுக்கு இதுதான் மாதிரி அறிக்கை."

கத்தரி வெளியே வந்தாள். அறிவிப்புப் பலகையில் இருந்த போஸ்டரில், முகத்தின் தாடைக்குக் கீழே, தடிமனான மார்க்கரால் 'பாட்டும் குரலும்' என்று எழுதி அக்காவின் பெயரை எழுதினாள். அடுத்த போஸ்டருக்குப் போனாள். மாடிப்படி, நூலகம், சைக்கிள் நிறுத்துமிடம், கல்லூரி வாசல், அங்கிருந்து கடைத்தெரு. வழியில் எதிர்ப்பட்ட டைரக்டர், "ஐயோ, டிசைனே கெட்டுப்போச்சே!" என்று அலறினான். அவள் நிற்கவில்லை.

கடைசிப் போஸ்டர் கண்ணாடிக் கூண்டில் இருந்தது. எழுதி முடித்து, வண்டி நேரம் விசாரிக்கிற ஓட்டை வழியாகக் குனிந்தாள். அக்கா ஒரு வண்டியை அனுப்பிவிட்டு மைக்கை அணைத்தாள்.

"மேடம்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"மூணு மார்க் கூட்டிட்டாங்க."

அக்கா அடுத்த சீட்டை எடுத்து நேரத்தைச் சரிபார்த்தாள்.

"அப்போ ஒண்ணு பண்ணு. அடுத்த வீடியோல என் குரலையும் எடுத்துடு. தங்கப் பதக்கமே குடுத்துடுவாங்க."