கைனேஸ் பாடத்தில் தூங்கிய வகுப்பு

வரக்கூடாத இடத்தில் வரும் தூக்கத்துக்கு உள்ள ருசி, கட்டிலில் புரண்டு புரண்டு வரவழைக்கும் தூக்கத்துக்குக் கிடையாது. பஸ்ஸிலோ, கல்யாண வரவேற்பிலோ, மேலதிகாரி பேசும்போதோ பலர் அதை ருசித்திருப்பார்கள். நான் ருசித்தது வேலைக்கான தேர்வில். அதுவும் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளே நான்தான்.

அப்போதுதான் முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன். என் ஆராய்ச்சி முழுக்க கைனேஸ் என்ற ஒரே ஒரு புரதத்தைப் பற்றியது. நம் செல்களின் மேல் ரிசெப்டார் என்று ஒன்று இருக்கிறது, வாசல் காலிங்பெல் மாதிரி. ரத்தத்தில் வரும் அட்ரினலின் அதை அழுத்தினால் செல்லுக்குள் சேதி போகும், இதயம் படபடக்கும். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்? அதற்குத்தான் என் கைனேஸ். அது ரிசெப்டாரின் வாலில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். (ஆமாம், வால் உண்டு.) உடனே அரெஸ்டின் என்ற இன்னொரு புரதம் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு யார் அழுத்தினாலும் உள்ளே கேட்காது. கடைசியில் ரிசெப்டாரையே செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். இவ்வளவைத் தெரிந்துகொள்ளத்தான் என் இளமை செலவானது.

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர் வேலை இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், முடியும் நேரத்தில் தாளாளர் வந்து பார்ப்பார் என்றார்கள். அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேரும் அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தோம். "குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களாமா சாமி" என்று சொல்லிச் சொல்லி அம்மா எனக்கு முன்பே அங்கே குடியேறிவிட்டாள்.

ராசிபுரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியெல்லாம் எங்களுக்கு முன்னால் கோழித்தீவன லாரி ஒன்று போனது. அந்தத் தூசியில் தும்ம ஆரம்பித்தவள், நாமக்கல்லில் இறங்கியும் நிறுத்தவில்லை. மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார்.

"தூக்கம் வருமுங்களா?"

"லேசா வருமுங்க. ஊட்டுக்குப் போயித்தான போடுவீங்க?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே விழுங்கினேன். தும்மல் நிற்கவில்லை. பள்ளி வாசலில் இன்னொன்றும் போட்டேன். (படித்தவள் செய்கிற காரியமா இது?)

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. ஜன்னலுக்கு வெளியே கொல்லிமலை நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது. தும்மல் நின்றது. கூடவே உலகமும் மெல்ல நின்றது. போர்டில் நான் வரைந்த செல் சவ்வு தண்ணீர்போல ஆடியது. என் குரல் பக்கத்து ஊரில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"எல்லாரும் கண்ண மூடிக்கங்க. நீங்கதான் ரிசெப்டார். பெல் அடிச்சுக்கிட்டே இருக்குது."

முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "இருட்டோட அடிக்கற ஸ்டடி பெல்லுங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"அதேதான். இப்ப கைனேஸ் வருது. வால்ல பாஸ்பேட் ஒட்டுது. பெல் சத்தம் தூரமாப் போகுது. செல்லு உங்கள உள்ள இழுத்துக்குது. உள்ள மெத்துமெத்துனு இருக்குது. தலையச் சாச்சுக்கங்க."

செய்துகாட்டுவதற்காக நானும் மேசையில் தலையைச் சாய்த்தேன். (நம்புங்கள், செய்துகாட்டத்தான்.)

செல்லுக்குள் வெளிச்சம் இளநீர் நிறத்தில் இருந்தது. ரிசெப்டார்கள் குமிழிகளில் ஏறி மிதந்து போய்க்கொண்டிருந்தன. என் கைனேஸ் தோளில் கண்டக்டர் பையோடு வந்து, ஒவ்வொன்றின் வாலிலும் பாஸ்பேட்டை ஒட்டி, "உள்ள போங்க, உள்ள எடம் கெடக்குது" என்றது. நானும் உள்ளே போனேன்.

"ஏனுங்க."

கண் திறந்தால் எதிரே தாளாளர். அவருக்குப் பின்னால் மொத்த வகுப்பும் மேசைமேல் தலை வைத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"பெல் அடிச்சுருச்சுங்க" என்றார். ஏனோ அவரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"அவங்களுக்குக் கேக்காதுங்க சார். பாஸ்பேட் ஒட்டியிருக்குது" என்றேன். என் வாயா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "எப்பங்க கேக்கும்?"

"பாஸ்பேட்டக் கழட்டிட்டா திரும்ப மேல வந்துருமுங்க."

"சரி, கழட்டுங்க."

எனக்கு மனசே வரவில்லை. ஒருவன் வாயைத் திறந்தபடி, ஒருத்தி சிரித்தபடி, அப்படி ஒரு தூக்கம். ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எழுப்பினேன். முதல் பெஞ்சுப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மிஸ், இன்னொரு வாட்டி உள்ள போலாமுங்களா?" என்றாள்.

அறைக்கு அழைத்துப்போய்த் தாளாளர் காபி கொடுத்தார். "பாடம் புரியற மாதிரித்தான் நடத்துனீங்க. ஆனா பசங்கள தூங்க உடாமப் பாத்துக்கத்தான் நாங்க சம்பளமே குடுக்கறமுங்க."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தட்டைக் கழுவி எடுத்து வைத்தாள். மனசளவில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்தாள் போல. பிறகு, "புள்ளைங்களாச்சும் நல்லாத் தூங்குச்சுங்களா?" என்று கேட்டாள்.

"தூங்குச்சும்மா."

"அப்பச் செரி" என்று சோறு போட்டாள்.

இப்போது திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியில் இருக்கிறேன். ஞாயிறு மதியம் நான் தூங்கும்போது போன் வந்தால் தம்பிதான் எடுப்பான். "அக்கா உள்ள போயிருக்குதுங்க. பாஸ்பேட் கழண்டதும் பேசச் சொல்றனுங்க" என்பான். ஒருமுறை பேசியது எங்கள் முதல்வர். கணக்குப் படித்தவர். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாஸ்பேட்டு எத்தன நாளா இருக்குதுங்க? டாக்டரப் பாத்தீங்களா?" என்று கவலையோடு கேட்டார். விளக்கிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

இன்றைக்கும் வராந்தாவில் பார்த்தால் விசாரிக்கிறார். "இப்பக் கொறஞ்சிருக்குதுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.