வாத்துச் சந்தில் ஒரு பல்லக்கு

டென்மார்க்கில் ஒரு நகரம் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த நகராட்சியிலிருந்து மிகுந்த அன்போடும் மூன்று இணைப்புகளோடும் எனக்கு ஒரு கடிதம் வரும். அதைப் படித்து முடிக்க எனக்கு ஆயுள் போதாது.

அந்த நகரத்தின் நடுவில் வாத்துச் சந்து என்று ஒரு தெரு. நீளம் தொண்ணூற்றிரண்டு மீட்டர். இருபுறமும் கூரை தாழ்ந்த குட்டி வீடுகள், சுவரோரம் ஆளுயரப் பூச்செடிகள், கீழே இருநூற்றைம்பது வருஷத்து உருண்டைக் கற்கள். வருகிறவர்கள் எல்லாரும் "அடடா, என்ன அழகு!" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அன்று மாலையே ஊர் திரும்புகிறவர்கள்.

பதினோராம் எண் வீட்டில் எஸ்கில்ட் ப்ரோகார்டும் அவர் மனைவி ஆஸ்டாவும் நாற்பது வருஷமாகக் குடியிருந்தார்கள். எஸ்கில்ட் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆஸ்டாவுக்கு எழுபத்தொரு வயது. அந்தக் கோடையில் ஆஸ்டாவின் இடுப்பெலும்பு முறிந்தது. அதுவும் இந்தக் கற்களில் இல்லை. இவற்றில் நாற்பது வருஷம் விழாமல் நடந்தவள், நூலகத்தின் வழுவழுப்பான தரையில் போய் விழுந்தாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்டோபர் முப்பத்தொண்ணுக்குள்ள நான் நடப்பேனா?" என்பதுதான்.

காரணம் இருந்தது. ஆஸ்டா துறைமுகத்துக் குளிர்நீர்க் குளியல் சங்கத்தில் உறுப்பினர். ஐஸ் போன்ற கடலில் இறங்கி, அலறி, ஏறி, சூட்டறையில் உட்கார்ந்து வம்பு பேசுவதுதான் சங்கத்தின் நோக்கம். இதற்கு ஒன்பது வருஷக் காத்திருப்புப் பட்டியல். வருஷந்தோறும் அக்டோபர் முடிவதற்குள் ஒருமுறையாவது தண்ணீரில் இறங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால், இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அங்கே இரக்கம், சலுகை என்ற பேச்சே கிடையாது.

"எண்பது வயசு வரைக்கும் மறுபடியும் வரிசையில நிக்கச் சொல்றியா?" என்றாள் ஆஸ்டா. "என் சிநேகிதிங்க ஆறு பேர் அங்கதான் இருக்காங்க. அதுல ரெண்டு பேர் ஒன்பது வருஷம் தாங்க மாட்டாங்க."

எஸ்கில்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

ஆஸ்டாவுக்குச் சக்கரம் வைத்த நடைவண்டி கொடுத்திருந்தார்கள். வீட்டுவாசலிலிருந்து தெருமுனை பதினான்கு மீட்டர். முனையைத் தாண்டிவிட்டால் நல்ல சாலை, பஸ், துறைமுகம். ஆனால் அந்தப் பதினான்கு மீட்டரில் நடைவண்டி உருளாது. எஸ்கில்ட் ஒட்டுப்பலகை வாங்கிப் போட்டுப் பார்த்தார். மறுநாளே, 'ஒட்டுப்பலகை பிற்காலக் கண்டுபிடிப்பு; உடனே அகற்றவும்' என்று நோட்டீஸ் வந்தது. ஆகவே முறைப்படி விண்ணப்பித்தார்: பதினான்கு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், தட்டைக் கல்.

ஒரே வாரத்தில் ஸ்டினே வந்தாள். நகராட்சியின் பாரம்பரியம் மற்றும் மனநிறைவுத் துறை அதிகாரி. வெள்ளைக் காலணி, நல்ல சிரிப்பு. இந்தக் கல்லில் ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும் என்பதால் சைக்கிளை முனையிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தாள்.

"எஸ்கில்ட், உங்க கஷ்டம் எனக்கு அப்படியே புரியுது" என்றாள். டென்மார்க்கில் அதிகாரிக்கு உங்கள் கஷ்டம் புரிந்துவிட்டால் பயப்பட வேண்டும்.

"புரிஞ்சா சரி. கல்லு எப்ப போடுவீங்க?"

"அதுல ஒரு சின்ன விஷயம். இந்தத் தெருவுக்கு 1780-னு வருஷம் நிர்ணயம் ஆகியிருக்கு. 1780-ல இருந்தது, இல்லேன்னா இருந்திருக்கக்கூடியது, இது ரெண்டுக்கும்தான் அனுமதி. தட்டைக் கல் இல்லை. நடைவண்டியும் இல்லை."

"இடுப்பொடிஞ்ச பொம்பளை இருந்திருப்பா இல்ல?"

ஸ்டினே பேனாவை எடுத்தாள். அவள் கண்ணில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது. "ரொம்ப நல்ல கேள்வி. அதை ஆராயணும்."

ஆராய்ச்சி ஒரு பக்கம் நடக்க, குடிமக்கள் பங்கேற்புக் கூட்டம் ஒன்றும் கூட்டப்பட்டது. காபி, இலவங்கப்பட்டை ரொட்டி, மஞ்சள் ஒட்டுச்சீட்டு. தெருவாசிகள் தங்கள் உணர்வுகளைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். 'ஆஸ்டா நம்மவள்', 'ஆஸ்டா வீட்டுக்கு வா', 'ஆஸ்டா இல்லாமல் தெரு இல்லை' என்று நாற்பத்தொரு சீட்டுகள். எஸ்கில்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப எல்லாரும் தட்டைக் கல்லுக்குச் சரிதானே?" என்று கேட்டார்.

கூட்டம் காபிக் கோப்பைக்குள் பார்த்தது. ஒன்பதாம் எண் வீட்டு யெப்பேதான் வாயைத் திறந்தான். கோணல்மாணலாகக் கோப்பை செய்து, கோணலுக்குத் தனி விலை வைத்து விற்கும் கலைஞன்.

"எஸ்கில்ட், ஆஸ்டான்னா எனக்கு உயிரு. ஆனா கல்லு மேல கை வச்சா, தெருவோட ஆத்மா போயிடும்."

"உன் வீட்டுக் குளியலறைத் தரைக்குச் சூடேத்துற கம்பி போட்டிருக்கியே, அதுக்கு ஆத்மா போகலையா?"

"அது உள்ள இருக்கு. ஆத்மா வெளியிலதான் இருக்கு" என்றான் யெப்பே.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: ஆஸ்டாவுக்கு முழு ஆதரவு, கல்லுக்கும் முழு ஆதரவு.

செப்டம்பரில் ஸ்டினே ஓடோடி வந்தாள். "கிடைச்சிடுச்சு! 1780-ல இதே தெருவுல ஒரு தோல் வியாபாரியோட விதவை. அவளுக்கும் இடுப்பு உடைஞ்சிருக்கு!"

"சந்தோஷம். அவ எப்படி வெளிய போனா?"

"பல்லக்குல!"

இப்படியாக ஆஸ்டா ப்ரோகார்டுக்குப் பல்லக்கு அனுமதியாயிற்று. பெட்டி மாதிரி, கதவும் ஜன்னலும் வைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தூக்குவது. தட்டைக் கல்லைப் போல முப்பது மடங்கு செலவு; ஆனால் அது வேறு கணக்குத் தலைப்பில் வந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. தூக்குவதற்கு முழங்கால் வரை கால்சட்டையும் மரச்செருப்பும் அணிந்த இரண்டு ஊழியர்கள். பணியிடப் பாதுகாப்பு விதிப்படி அவர்கள் தலைக்கவசம் போட வேண்டும். 1780 விதிப்படி போடக்கூடாது. இரண்டு துறைகளும் நான்குமுறை கூடிப் பேசி, தலைக்கவசத்தின் மேல் பொய்முடி வைப்பது என்று முடிவாயிற்று. தலை இரண்டும் பூசணிக்காய் அளவுக்குப் பருத்துத் தெரிந்தன.

ஆஸ்பத்திரி ஆட்கள் தூக்கிவர, ஆஸ்டா வீட்டுக்கு வந்து இதைப் பார்த்தாள்.

"எஸ்கில்ட், நான் கேட்டது கல்லு."

"தெரியும்மா. ஆனா இதாவது கிடைச்சுதே. முனை வரைக்கும் போனா போதும், அப்புறம் பஸ்ஸு. நீ குளிச்சிடலாம்."

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி முதல் பதினொன்றரை வரை பல்லக்கு. திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுவதும் அந்த நேரத்துக்குள் அடக்கம். முதல் செவ்வாய்க்கிழமை பல்லக்கு வாசலை விட்டு நகர்ந்ததுதான் தாமதம், சுற்றுலாக் கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டது. ஒரு படம், இன்னொரு படம், ஜன்னலில் ஆஸ்டா கையாட்டுகிற மாதிரி ஒரு படம். பதினான்கு மீட்டர் போய்ச் சேரும்போது மணி பதினொன்றே கால். தூக்கிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், அவளை இறக்காமலே திரும்பினார்கள். வெள்ளிக்கிழமையும் அதே கதை. ஆஸ்டா முனையிலிருந்து பஸ்ஸைப் பார்ப்பதும் பஸ் போவதுமாக அக்டோபர் பாதி கழிந்தது.

எஸ்கில்ட் நகராட்சிக்குப் புகார் கொடுக்கப் போனார். கூட்டத்தை விலக்க ஆள் வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை என்று ஸ்டினே அவருக்கே கட்டியக்காரர் பதவி கொடுத்துவிட்டாள். மூன்று மூலைத் தொப்பி, பித்தளை மணி, வெள்ளிப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு. பல்லக்குக்கு முன்னால் மணியடித்து, "வழி விடுங்க! வாத்துச் சந்தின் மூதாட்டி வர்றாங்க!" என்று கூவ வேண்டும்.

முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர் எஸ்கில்ட். அத்தனை வருஷத்தில் ஒரு பயணி அவர் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது ஜப்பானிலிருந்து வந்த பெண்கள் அவர் தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் படம் வந்தது. கூட்டம் விலகவில்லை, இரண்டு மடங்கானது. எஸ்கில்ட் இரவில் கண்ணாடி முன்னால் நின்று தொப்பியைச் சாய்த்துப் பார்த்தார். இதை ஆஸ்டா பார்த்தாள். பகல் வேளைகளில் அவர் மணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் பின்முற்றத்தில் ஒரு கைத்தடியோடு நடந்து பழகினாள்.

தெருவே தழைத்தது. யெப்பே, பல்லக்குப் படம் போட்ட கோப்பை விற்றான். எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் ஒரு மரவாளியை வைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது, ஆனால் எல்லாரும் அதைப் படமெடுத்தார்கள். அடுத்த வாரம் பதினாறு வாசலில் மரவாளி இருந்தது.

அக்டோபர் முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை. அன்றைக்கு 'நாட்டின் மிக மனநிறைவான தெரு' விருதுக்கு நடுவர்கள் வருவதாக இருந்தது. பத்து மணிக்குப் பல்லக்கு வாசலில் நின்றது. தெரு நிறையக் கூட்டம். கதவு திறந்தது. ஆஸ்டா குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றி வெளியே வந்தாள். பல்லக்கைச் சுற்றிக்கொண்டு போய், முதல் கல்லில் கால் வைத்தாள். பிறகு இரண்டாவது கல்லில்.

"ஆஸ்டா, நீ நடக்கறே!" என்றார் எஸ்கில்ட்.

"ஆமா. இன்னைக்குத்தான் கடைசி நாள். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தார்.

ஸ்டினே கைகளைப் பிசைந்தாள். "ஆஸ்டா, உங்களுக்காக மனசாரச் சந்தோஷப்படறேன். ஆனா அனுமதி, நடக்க முடியாதவர்னு போட்டுத்தான் வாங்கியிருக்கு. நீங்க இப்படித் திடீர்னு நடந்தா, கோப்பு என்ன ஆகறது?"

"நடுவருங்க வர்ற நேரம் ஆஸ்டா!" என்று யெப்பே கெஞ்சினான். "நூறு கோப்பை சுட்டு வச்சிருக்கேன்!"

ஆஸ்டா அவர்களைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். எஸ்கில்டின் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது.

"ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போயேன், ஆஸ்டா. எவ்வளவு பேர் வந்திருக்காங்க பாரு."

ஆஸ்டா நடந்தாள். ஒவ்வொரு கல்லாகத் தடியால் தட்டிப் பார்த்து, நிதானமாக, பதினான்கு மீட்டரை ஆறே நிமிஷத்தில் கடந்து பஸ் ஏறிவிட்டாள். வழியில் யாரும் அவளைப் படமெடுக்கவில்லை. தடி ஊன்றி நடக்கும் கிழவிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

காலிப் பல்லக்கைப் பார்த்துக் கூட்டம் முணுமுணுத்தது. நடுவர்கள் முனையில் தெரிந்தார்கள். ஸ்டினே எஸ்கில்டைப் பார்த்தாள். யெப்பே எஸ்கில்டைப் பார்த்தான்.

"1780-ல ஒரு கிழவரும் இருந்திருக்கக்கூடியவர்தானே?" என்றாள் ஸ்டினே.

எஸ்கில்ட் ஏறி உட்கார்ந்தார். உள்ளே மெத்தை நன்றாகவே இருந்தது.

விருது கிடைத்தது. நடுவர்கள் கைதட்டினார்கள். பதினொன்றே கால் மணிக்கு வாசல் முன் பல்லக்கு இறக்கி வைக்கப்பட்டு, கடைசிப் படம் எடுக்கக் கூட்டம் நெருக்கியடித்தது. அப்போது முனைப்பக்கமிருந்து ஆஸ்டா வந்தாள். ஈரத் தலை, சிவந்த மூக்கு, சிறுபிள்ளை போலச் சிரிப்பு. கையெழுத்துப் போட்டாயிற்று என்று சொல்லத்தான் நேரே ஜன்னலண்டை வந்தாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லு ஆஸ்டா" என்றார் எஸ்கில்ட். "படத்துல விழறே."

ஆஸ்டாவின் சிரிப்பு நின்றது. அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஈரத்துண்டைப் பல்லக்கின் கைப்பிடியில் காயப் போட்டுவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

என்ன சொன்னோம் என்று அப்போதுதான் எஸ்கில்டுக்கு உறைத்தது. காது வரை சூடேறியது. ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று எழுந்தார். பல்லக்குக் கதவு திறக்கவில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"கதவைத் திறங்கப்பா! நான் இறங்கணும்! என் வீடு இதோ இருக்கு!"

முன்தூக்கி பொய்முடியை எடுத்து, தலைக்கவசத்தைக் கழற்றி, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"பதினொண்ணரை ஆயிடுச்சு எஸ்கில்ட். எங்க உதவி இல்லாம பயணி தானா இறங்கக்கூடாதுன்னு விதி. எங்களுக்கு அடுத்த வேளை செவ்வாய்க்கிழமைதான்."