அட்மின் போனில் ஓடிய மோட்டார் மன்றம்

யார் எதைச் சொன்னாலும் அது அழிந்துபோகக் கூடாது என்று நம்பும் மனிதர் திண்டிவனத்தில் ஒருவர்தான் இருக்கிறார். ஓர் ஊருக்கு அந்த ஒருவரே அதிகம். எல்லோருக்கும் அவர் அட்மின். கல்யாணப் பத்திரிகைகூட ‘திரு. அட்மின் அவர்கள்’ என்றுதான் வரும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவர் வீட்டு மாடியில் நான் ஆறு வருடம் குடியிருந்தேன்.

கடை போக மிச்ச நேரமெல்லாம் அவருக்கு ‘மோட்டார் மன்றம்’. போர்வெல், பம்புசெட், ஸ்டார்ட்டர் பற்றி விவசாயிகள் கேள்வி கேட்டு, தங்களுக்குள் பதில் சொல்லி, பதிலைவிட நீளமாகச் சண்டை போடும் இணையதளம். ஒரு கேள்வியும் அதற்குக் கீழே வரும் பேச்சும் சேர்ந்தால் அங்கே ஒரு ‘திரி’. அதைத் தாங்கிய சர்வர், டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். கிளியனூரிலிருந்து முகையூர் வரை ஆள் சேர்ந்ததும் அதற்கு மூச்சு வாங்கியது. சித்திரை வெயிலில் எல்லோர் மோட்டாரும் ஒன்றாகப் புகையும், எல்லோரும் ஒன்றாக உள்ளே வருவார்கள், பக்கம் திறப்பதற்குள் பயிர் வாடிவிடும்.

அனந்தபுரத்து போர்வெல் கான்ட்ராக்டர் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார்.

“யோவ் அட்மின், வெறும் ‘நன்றிண்ணா’வே ஆயிரக்கணக்குல கெடக்குது. அத்தயெல்லாம் அழி, எடம் காலியாவும்.”

“நன்றி சொன்னத அழிக்கிறதா? இன்னா மனுசன்யா நீ?”

“அப்ப ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பேஜாரு தீரலன்னா வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பப் போட்டு, மொத்தப் பேரையும் இட்டுக்கினு போயிடுவேன்.”

அன்று அட்மினுக்குச் சோறு இறங்கவில்லை. மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே ரசத்துக்கு இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர் அவர்.

மறுநாள் சென்னைக்குப் போய், ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட பெரிய சர்வர் ஒன்றை வாங்கினார். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் அதை உட்கார வைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்து வந்தார். டிக்கெட் இரண்டு. வழியில் ஏறிய ஒருவர் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லியிருக்கிறார். “அவரு டிக்கெட் எடுத்துக்கினு வர்றாருங்க” என்றாராம் அட்மின்.

அதன் மெமரியைக் கூட்டினார், புது டிஸ்க் நான்கு செருகினார், சுவிட்சைப் போட்டார். தெருநாய்கள் எழுந்து வேறு தெருவுக்குப் போயின. மாவு மில் ஒன்று வீட்டுக்குள் குடிவந்த மாதிரி இரைச்சல். “ஒண்ணு இத்த ஆஃப் பண்ணு, இல்ல என்ன ஆஃப் பண்ணு” என்றார் அவர் மனைவி. சர்வர் மாடிப்படித் திருப்பத்துக்கு, அதாவது என் வாசலுக்கு, வந்து சேர்ந்தது.

பழைய டிஸ்கிலிருந்து புதியதற்குப் பேச்சையெல்லாம் மாற்ற மூன்று மணி நேரம் என்றார். மூன்று நாள் ஆனது. பேட்டரி அரை மணி தாங்கும். கரண்ட் முக்கால் மணி போகும். வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

“உட்ட எடத்துலேர்ந்து தொடரக் கூடாதா?” என்றேன்.

“எது உட்டுப்போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

அந்த மூன்று நாளும் மன்றம் மூடியிருக்குமே! உறுப்பினர் எல்லோருக்கும் எஸ்எம்எஸ் போனது: ‘கேள்விகளை என் போனில் கேட்கலாம். மன்ற விதிகள் மாறாது.’ இரண்டாவது வாக்கியத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.

முதலில் முகையூர் அக்கா ஒருவர். “மோட்டாரு உர்ர்ருங்குதுங்க, சுத்த மாட்டேங்குது.”

“கெப்பாசிட்டர மாத்திப் பாருங்க.”

“சரிங்க. அப்பறம் இந்த ஸ்டார்ட்டர்ல...”

“ஒரு திரியில ஒரு கேள்விதாங்க. அது வேற திரி. போன வெச்சிட்டு மறுபடி கூப்புடுங்க.”

வைத்தார். மறுபடி அடித்தது.

“வணக்கம், மோட்டார் மன்றம். யாருங்க பேசறது?”

“ஐயே, நாந்தாங்க!”

அட்மினின் மச்சான் ஒரு கல்யாண விஷயம் பேசக் கூப்பிட்டார். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று போன் வைக்கப்பட்டது. தனக்குத் தெரியாத கேள்வி என்றால், தெரிந்த உறுப்பினரை அழைத்துப் பதில் வாங்கி, கேட்டவருக்குத் திரும்பச் சொல்வார். எல்லாவற்றையும் பெயர், நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதினார். குரல் கம்மிப்போய், கடைசி நாள் அவரும் உர்ர்ரென்றுதான் பேசினார்.

ஞாயிறு காலை கான்ட்ராக்டர் குரூப்பைத் தொடங்கிவிட்டார். மதியத்துக்குள் பாதிப் பேர் அங்கே. ஆனால் அவருடைய சொந்த போர்வெல்லில் மோட்டார் மாட்டிக்கொண்டபோது குரூப்பில் யாருக்கும் வழி தெரியவில்லை. கூப்பிட்டார்.

“துப்புக்கெட்ட அட்மினு! டப்பா சர்வர வெச்சிக்கினு ஊரையே பேஜாரு பண்றியே! என் மோட்டாரு மாட்டிக்கிச்சுய்யா, ஜல்தி சொல்லு!”

அட்மின் கோபப்படவில்லை. எழுதிக்கொண்டார். கிளியனூரில் ஒருவரைப் பிடித்து, எப்படித் தூக்குவது என்று கேட்டுச் சொன்னார்.

மாலையில் புது சர்வர் எழுந்தது. தொட்டதும் பக்கம் திறந்தது. உள்ளே ஆள் இல்லை. அட்மின் நோட்டை விரித்து, மூன்று நாள் பேச்சையும் அவரவர் பெயரில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். ‘துப்புக்கெட்ட அட்மினு’ உட்பட.

“இதையாவது விட்டுடுங்களேன்.”

“அவரு சொன்னது சார் அது.”

‘போனில் பேசியதெல்லாம் மன்றத்தில் ஏறிவிட்டது’ என்று எல்லோருக்கும் எஸ்எம்எஸ் போனது. தான் சொன்னது இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பார்த்ததும், பக்கத்துத் திரியில் எவனோ தப்பாகச் சொல்லியிருந்ததைப் பொறுக்க முடியாமல் பதில் எழுதினார்கள். எட்டு மணிக்கு மன்றத்தில் நான்கு சண்டைகள். கான்ட்ராக்டர் தன் வசவுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘மோட்டார் வெளியே வந்துவிட்டது.’ அட்மின் அதை மூன்று முறை படித்துவிட்டு, சோறு போடச் சொன்னார்.

நான் இப்போது விழுப்புரத்தில், ஐந்தாவது மாடியில் இருக்கிறேன். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. எனக்கு நிலமில்லை, கிணறில்லை, மோட்டாரும் இல்லை. மாதம் ஒருமுறை மன்றத்துக்குள் போய், என் மோட்டார் சூடாகிறது என்று எழுதுகிறேன். பத்து நிமிடத்துக்குள் அட்மின் வந்து, எத்தனை குதிரைத்திறன், எத்தனை அடி ஆழம் என்று விசாரிக்க ஆரம்பிக்கிறார்.