ஏரி சொன்ன 'வேண்டாம்'

ஏரி பேசுகிறதாம்.

வீட்டில் மனைவி பேசினால் காது கேட்காதவர், மருத்துவர் பேசினால் நம்பாதவர், பிள்ளை பேசினால் 'சும்மா இரு' என்று அதட்டுபவர், எல்லோரும் ஏரி பேசுவதைக் கேட்க வேன் பிடித்துப் போகிறார்கள். சுற்றுலா நிறுவனத்தின் சுவரொட்டியில் அருவி, பழைய கல்பாலம், கோட்டை மதில் எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. 'பேசும் ஏரி' மட்டும் பக்கத்தில் நின்றவர் தலையை விடப் பெரியதாக இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். மாலை வகுப்பு அறிவியல் வாத்தியார், "பார்த்ததை ஒரு பக்கம் எழுது, நினைத்ததை இன்னொரு பக்கம் எழுது" என்று சொல்லியிருக்கிறார். நான் இரண்டையும் குழப்பிவிடுகிறவள். இங்கே பார்த்ததையே எழுத முயல்கிறேன். நடுவில் நினைத்ததும் நுழைந்திருந்தால், திருத்திவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். அதுவும் நினைப்புதான்.

போனது அக்காவுக்காக. அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். உயரமான கூரை, பழைய ஒலிபெருக்கி. எத்தனை ஊர்ப் பெயரைச் சொன்னாலும் பயணிகளுக்குக் கடைசி ஊர் மட்டும்தான் காதில் விழும். வேறு பேருந்தில் ஏறிவிட்டு அக்காவோடு சண்டைக்கு வருவார்கள். அவள் வீட்டுக்கு வந்து அந்தக் கூரையைத் திட்டுவாள்.

அந்த அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி. விட்டு வைத்தால் மூச்சுக்குழாயை நெருக்கும், எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். வரும் செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருந்தார். "குரல் கொஞ்ச நாள் கம்மலாம். பெரும்பாலும் திரும்பிடும்" என்றும் சொன்னார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில் அக்கா மாட்டிக்கொண்டாள். தூக்கம் போயிற்று. குரல் போனால் அவள் வேலையும் போகும்.

"எதுக்குக் குழப்பம்? ஏரியைக் கேட்டுடுவோம்" என்றார் மாமா. மாமா ஒரு குடை வாங்குவதென்றால் நாலு கடை ஏறி இறங்குகிறவர். மனைவியின் கழுத்துக்கு ஒரு ஏரி போதும் என்று முடிவு செய்திருந்தார்.

காலையில் அருவி. எல்லோரும் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து கல்பாலம். வேன் அதன்மேல் போனபோதுதான் பாலம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. பிறகு கோட்டை. கோட்டையில் மிச்சம் இருப்பது ஏரியின் எதிர்க்கரையில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு மதில் மட்டும். கல்லோடு கல் அப்படி ஒட்டியிருந்தது, நகம் நுழையாது. நான் மட்டும் இறங்கினேன்.

"எவ்வளவு பழசுங்க?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"ரொம்பப் பழசு. ஏறுங்க, ஏறுங்க. அங்க கூட்டம் சேர்ந்துடும்."

சேர்ந்துதான் இருந்தது. ஏரி குறுகும் இடத்தில், தண்ணீரை ஒட்டி ஒரு தட்டைப் பாறை. அதன் மேல் நீல அங்கி போட்ட ஒருவர். அவரை 'ஏரித்தூதர்' என்று அழைத்தார்கள். அவர் பக்கத்தில் ஒரு பலகை: 'ஏரியிடம் யாரும் நேரடியாகப் பேசக் கூடாது.' கட்டணம் கட்டிவிட்டுக் கேள்வியைத் தூதர் காதில் சொல்ல வேண்டும். அவர் ஏரியைக் கேட்பார். தண்ணீருக்கு அப்பால், நேர் எதிரே, காலையில் என்னைத் தவிர யாரும் இறங்கிப் பார்க்காத அந்த மதில் நின்றது. இப்போதும் யாரும் பார்க்கவில்லை.

முதலில் ஏரியோரமாக மனை வாங்க நினைத்தவர் வந்தார். மனை விற்பவரே அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார். தூதர் கையை உயர்த்தி, ஏரியை நோக்கிக் கத்தினார்.

"வேண்டாமா? வாங்கலாமா?"

மூச்சு விடும் நேரம். பிறகு தண்ணீரின் மேலிருந்து வந்தது: "வாங்கலாமா... லாமா... மா..."

"கேட்டீங்களா? வாங்கலாமாம்!" என்றார் தூதர். கூட்டம் சிலிர்த்தது. குடை பிடித்தவர் கொஞ்சம் கூடுதலாகவே சிலிர்த்தார்.

அடுத்து கண்ணில் புரை விழுந்த ஒரு பெரியவர். "ஆபரேஷன் செய்யலாமா? வேண்டாமா?"

"வேண்டாமா... டாமா... மா..."

"வேண்டாமாம்! ஏரித்தண்ணி போதுமாம்!" தண்ணீர்ப் புட்டிகள் பாறைக்குக் கீழேயே கிடைத்தன. விற்றவர் தூதரின் மச்சான். கண் விஷயத்தில் பேசி முடித்துவிட்ட ஏரி, புட்டி விஷயத்தில் எப்போது பேசியது என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே நான் நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். ஏரி பதில் சொல்லவில்லை, கேள்வி கேட்டது. 'வேண்டாமா' என்பது கேள்வி. அதன் வாலில் ஒரு 'ம்' சேர்த்தால்தான் 'வேண்டாமாம்' என்று பதிலாகிறது. ஏரி விட்டுவிட்ட 'ம்'மைத் தூதர் தன் கையிலிருந்து போட்டார். அந்த ஒரு எழுத்துக்குத்தான் கட்டணம். இப்படித் தோன்றியதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. அத்தனை பேர் தலையாட்டும்போது என் தலை மட்டும் ஆடாமல் இருந்தால், கோளாறு என் கழுத்தில்தானோ?

அக்காவின் முறை வந்தது.

"கத்தி வைக்கலாமா? வேண்டாமா?"

"வேண்டாமா... டாமா... மா..."

அக்கா அழுதுவிட்டாள். பயம் இறங்கிய அழுகை. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்பேசியை எடுத்தார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி தேதியை ரத்து பண்ணிடறேன்." ஊரெல்லாம் பேசும் ஏரிக்கரையில் செல்பேசி மட்டும் பேசவில்லை. சிக்னல் தேடி மாமா பக்கத்து மேட்டில் ஏறத் தொடங்கினார்.

அவர் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விட்டுவிட்டுப் பார் என்பார் வாத்தியார். நான் பாறை அருகே போனேன்.

"ஐயா, அதே கேள்விதான். கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேளுங்களேன். வேண்டாமா, வைக்கலாமான்னு."

தூதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேட்டா ஏரியைச் சந்தேகப்படறதா அர்த்தம்."

"சந்தேகம்தாங்க."

"இந்தப் பொண்ணை யாருப்பா கூட்டிட்டு வந்தது?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். "படிச்ச திமிரு" என்றது இன்னொன்று. மாலை வகுப்பில் சேர்ந்து இன்னும் ஒரு தேர்வுகூட எழுதாத என்னை அப்படிச் சொன்னதில், உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

நானே ஏரியைப் பார்த்துக் கத்தினேன். என் குரல் கடையில் சில்லறை கேட்கவே போதாது. ஏரி வாயைத் திறக்கவில்லை.

"ஏரிக்கு உன்னைப் பிடிக்கலை!" என்றார் தூதர். கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"ஏன்டீ மானத்தை வாங்கறே?" அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, உன் பஸ் ஸ்டாண்டுல என்ன கேக்கும்?"

"என்ன கேக்கும்? கடைசி ஊரு பேருதான் கேக்கும். நான் பேசிட்டு இருக்கும்போது என் சத்தமே மத்ததை மூடிடும். நிறுத்தினதும் கூரை கடைசி வார்த்தையை மட்டும்..."

அக்கா நிறுத்திவிட்டாள். ஏரியைப் பார்க்கவில்லை. ஏரிக்கு அப்பால் நின்ற மதிலைப் பார்த்தாள். அவள் முகத்தில் நிம்மதி வடிந்து, பழைய பயம் திரும்பி வருவதைப் பார்த்தேன். அதைத் திருப்பிக் கொண்டுவந்தவள் நான்தான். அந்த ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

அக்கா என் கையை விட்டாள். தூதரைச் சுற்றிக்கொண்டு பாறையில் ஏறினாள். எத்தனையோ பேரைப் பேருந்து ஏற்றிவிட்ட அந்தக் குரலை எடுத்தாள்.

"கத்தி வேண்டாமா? வைக்கலாமா?"

"வைக்கலாமா... லாமா... மா..."

தூதர் முந்திக்கொண்டார்: "பார்த்தீங்களா! ஏரி மனசு இரங்கிடுச்சு! ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு..."

"இருங்க சார்" என்றாள் அக்கா. "இன்னும் ஒண்ணு கேட்டுக்கறேன். இந்த ஆளு நல்லவனா? திருடனா?"

"திருடனா... டனா... னா..."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். தூதரின் முகம் அங்கியின் நிறத்துக்கு வந்தது.

"தப்பு! தப்பாக் கேக்கறே நீ! மாத்திக் கேளு! நல்லவனைக் கடைசில வை!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கண் புரைப் பெரியவர் முன்னால் வந்தார். கையில் புட்டி. "அப்போ என் கண்ணுக்கு எதைய்யா கடைசில வெச்சே?" என்று கேட்டார். மனை வாங்க இருந்தவர் பக்கத்தில் திரும்பினார். குடை மட்டும் தரையில் கிடந்தது, பிடித்தவரைக் காணவில்லை. தூதரும் அங்கியைத் தூக்கிக்கொண்டு பாறையின் பின்பக்கமாக இறங்கினார்.

அப்போதுதான் மேட்டைப் பார்த்தேன். மாமா உச்சியில் நின்று செல்பேசியைக் காதில் வைத்துவிட்டார்.

"அக்கா! மாமா!"

அக்கா 'ரத்து பண்ண வேண்டாம்' என்று கத்த வாயெடுத்தாள். எடுத்தவள் சட்டென்று மூடினாள். மாமா காதில் விழப்போவது கடைசி வார்த்தைதான். மூச்சை இழுத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்:

"செவ்வாய்க்கிழமை... வர்றோம்!"

"வர்றோம்... றோம்..." என்றது மதில்.

மாமா செல்பேசியில் ஏதோ சொல்லிவிட்டு ஓடி வந்தார். "ஏரியே 'வர்றோம்'னு சொல்லிடுச்சு! ஆஸ்பத்திரில அப்படியே சொல்லிட்டேன்!" என்றார் மூச்சிரைக்க. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். மாமாவுக்கு விளக்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

வேனில் அக்கா கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். "பயம் போகலைடீ" என்றாள் மெதுவாக. "ஆனா அது என் பயம். அதைப் புட்டில ஊத்தி எனக்கே விக்கறான் பாரு."

பேசியது எதிரே நின்ற மதில்தான் என்று நான் வேனில் சொன்னதைக் கேட்டு, திரும்பும் வழியில் மதிலருகே வேனை நிறுத்தச் சொன்னார்கள். இந்தத் தடவை எல்லோரும் இறங்கினார்கள். கல்லைத் தொட்டார்கள், அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அப்போது ஒரு அம்மாள் ஓட்டுநரிடம் பணிவாக விசாரித்தார்:

"பேசினது ஏரி இல்லையாம், இந்தச் சுவராம். இதுகிட்ட ஒரு கேள்வி கேக்க எவ்வளவுப்பா?"

ஓட்டுநர் மதிலை ஒரு பார்வை பார்த்தார். காலையில் அவர் அதைப் பார்த்த பார்வை இல்லை அது. கணக்குப் போடும் பார்வை. அடுத்த வாரச் சுவரொட்டியில் எது பெரிய எழுத்தாக இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மதிலைக் குறை சொல்ல மாட்டேன். திருப்பிச் சொல்வது கல்லின் வேலை. திருப்பிக் கேட்பதுதான் மனிதனின் வேலை. அதையும் கல்லிடம் விட்டுவிட்டால், நமக்குத் தலை எதற்கு? ஆட்டுவதற்கு மட்டும்தானா?