சிவப்பு நூல் கட்டிய டூல்

சிவப்பு நூல் என்றால் வீட்டில் செய்தது, நீல நூல் என்றால் கடையில் வாங்கியது. இவ்வளவுதான் விஷயம். இதில் குழம்ப என்ன இருக்கிறது? சாணையும் அப்படித்தான் நினைத்தார்.

தபால் பிரிப்பது அவர் உத்தியோகம். கார் ஷெட்டில் ஒரு பழைய லேத்தைப் போட்டுக்கொண்டு இரும்பு கடைவது அவர் உயிர். கண்ணில் படுகிற கத்தி, கத்தரிக்கோலை எல்லாம் தீட்டித் தள்ளியதால் குடும்பத்தில் அவருக்குச் சாணை என்று பேர். லேத்தில் மாட்டி இரும்பைச் செதுக்குகிற விரல் நீள டூலைக்கூடக் கடையில் வாங்க மாட்டார். பழைய அரத்தைக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, கல்லில் தீட்டித் தானே செய்வார். டிராயர் நிரம்பி வழியும். "வேண்டாததை நான் கழிச்சுக் கட்டுறேன்" என்று மனைவி அவ்வப்போது ஒரு பையில் அள்ளிக்கொண்டு போவாள்.

வினை மச்சினன் ரூபத்தில் வந்தது. புதுக் கார் வாங்கியிருந்தான், நிறுத்த இடமில்லை.

"ஏன் மாமா, கடையில பளபளன்னு விக்கிறான். வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்கு ஒரு ஷெட்டா?"

"கடைச் சரக்கு என் டூல் கால் தூசிக்கு வருமாடா மாப்ளே?"

"அப்ப பந்தயம். ரெண்டையும் லேத்துல மாட்டிப் பாப்போம். கடை டூல் ஜெயிச்சா ஷெட்டு என் காருக்கு. தோத்தா இனிமே ஷெட்டுன்னு வாயே திறக்க மாட்டேன்."

சாணையின் வாய் இருக்கிறதே, அது யாரையும் கேட்காமல் "சரி" என்றது.

மறுநாளே மச்சினன் தெருமுனைக் கடையில் ஒரு டூல் வாங்கி வந்தான். சாணை செய்ததன் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அதனால்தான் மனைவி இரண்டுக்கும் நூல் கட்டிவிட்டாள்.

கடை டூலின் நுனியைச் சாணை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன பதம், என்ன தீட்டு! எவனோ தேர்ந்த கைக்காரன் செய்திருக்கிறான். தன்னுடையது தோற்றுவிடும். ஷெட் போய்விடும். அக்காவும் தம்பியும் அடுப்படிப் பக்கம் போன நேரம் பார்த்து, நூலை மாற்றிக் கட்டிவிட்டார்.

லேத் ஓடியது. முதலில் சிவப்பு நூல். இரும்பில் பட்டதும் "கிரீச்" என்று ஒரு சத்தம். நுனி தெறித்து எண்ணெய் டப்பாவுக்குள் விழுந்தது.

"அவ்வளவுதானா மாமா? காரை எடுத்துட்டு வரட்டா?"

சாணைக்குத் தலை சுற்றியது. உடைந்தது கடை டூல் அல்லவா? அப்படியானால் ஜெயித்தது அவர்தான். ஆனால் திருட்டு வேலை பார்த்ததை ஒப்புக்கொண்டால்தான் ஜெயிக்க முடியும். மானமா, ஷெட்டா? ஷெட்தான்.

"நில்லு மாப்ளே. நூலை நான் மாத்திட்டேன்."

மச்சினன் திறந்த வாயை மூடவில்லை. "ஐயையோ! நானும் மாத்தினேனே மாமா!"

"நீ எதுக்குடா மாத்துன?"

"உங்க டூல் நுனியைப் பாத்தேன், பயம் வந்துடுச்சு. இருங்க இருங்க, ரெண்டு தடவை மாறினா பழையபடிதானே? அப்ப உடைஞ்சது உங்களதுதான்!"

சாணை கையில் இருந்த துணியைப் பிழிந்தார். அப்போது வாசலில் டீத் தட்டோடு நின்ற மனைவி மெல்லச் சொன்னாள்: "நானும் ஒருவாட்டி மாத்தினேன்."

"நீ எதுக்குடி மாத்துன?"

"ஷெட்டு போயிடக் கூடாதுன்னுதான்."

சாணைக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் ஷெட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"மூணு தடவைன்னா உடைஞ்சது கடையோடது. நான் ஜெயிச்சாச்சு!"

"பொறுங்க மாமா. அக்கா, நீ முதல்ல கட்டும்போதே மாத்திக் கட்டினியா, கட்டிட்டு அப்புறம் மாத்தினியா?"

"அது... மாத்தித்தான் கட்டினேன்னு நினைக்கிறேன். அப்புறம் பயந்து சரி பண்ணினேனோ என்னவோ..."

சாணை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு தடவை ஜெயித்தார், மறு தடவை தோற்றார். மச்சினன் எண்ணினான். அவனுக்கும் அப்படியே வந்தது.

"கடைக்காரரைக் கூப்பிடுவோம் மாமா. அவர் சரக்கு அவருக்குத் தெரியாதா?"

"அவரு எதுக்குடா?" மனைவி பதறினாள். டீ தளும்பியது. "பாவம், வியாபார நேரம். வேணும்னா காரை நம்ம வாசல்லயே நிறுத்திக்கோ. பந்தயமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அதற்குள் மச்சினன் போன் போட்டுவிட்டான். கடைக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டி, உடைந்ததை ஒரு புரட்டு, உடையாததை ஒரு புரட்டு புரட்டினார். கட்டை விரலால் நுனியைத் தடவினார்.

"ரெண்டும் நம்ம கடைச் சரக்குதாங்க."

"ரெண்டுமா?" என்றார்கள் இருவரும்.

"ஒண்ணு என் கையால செஞ்சதுய்யா!" என்று சாணை கத்தினார். "போன வாரம்தான் தீட்டினேன்!"

கடைக்காரர் அவரைப் புரியாமல் பார்த்தார். பிறகு, டீத் தட்டோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கப் போன மனைவியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம அக்கா! இது உங்க வீடா? போன பை மொத்தமும் வித்துப் போச்சுக்கா, ஆளுங்க அதைத்தான் கேட்டு வர்றாங்க. அடுத்த பை எப்ப கொண்டு வருவீங்க?"