சமையலறையில் ஒரு கம்பவுண்டர்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் தங்கையும் சௌக்கியம்தான் என்று நிரூபிக்கத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் என்றைக்கு என்னைப் பேச விட்டிருக்கிறீர்கள்? நேற்றும் அப்படித்தான். வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்ததும், "என்ன மாப்ளே, என் தங்கச்சி கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கெடக்கு, சாப்பாடு போடுறீங்களா இல்லையா? அடுத்த சனிக்கிழமை கார் எடுத்துட்டு வரேன், ரெண்டு மாசம் என் வீட்ல இருக்கட்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது போனில் என் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்த பிறகு சனிக்கிழமைப் பயணத்தை நீங்களே ரத்து செய்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தங்கைக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருப்பது உங்களுக்குத் தெரியும். டாக்டரம்மா, "உப்பையும் எண்ணெயையும் குறைச்சுக்கோங்கம்மா, காய்கறி நிறையச் சேர்த்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உங்கள் தங்கை தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், ஒன்றும் செய்ய மாட்டாள் என்று அர்த்தம். நானோ ஆயுசு பூராவும் ஆஸ்பத்திரி மருந்தறையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் சொன்னதை ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் கலந்து கொடுத்தவன். வீட்டு நோயாளியை நானே பார்த்துக்கொள்ளாவிட்டால் பிறகு என்ன கம்பவுண்டர்? அன்று சாயங்காலமே சமையலறைக்குள் போய், "இனிமே உன் சாப்பாடு என் பொறுப்பு" என்றேன். "அப்போ உங்க சாப்பாடு?" என்றாள். "அது உன் பொறுப்பு" என்றேன். இதில் நீங்கள் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை மச்சான். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். எனக்கு அழுத்தம் கிடையாது. ஆகவே ஒரே அடுப்பில் ஒரு பக்கம் அவள் எனக்கு உருளைக்கிழங்கு வறுக்க, இன்னொரு பக்கம் நான் அவளுக்குச் சுரைக்காய் வேகவைக்க, இப்படி ஒற்றுமையாகத்தான் குடித்தனம் நடக்கிறது.

ஆரம்பத்தில் சின்னச் சின்னத் தடங்கல்கள் இருந்தன, மறைக்கவில்லை. சூப்பை நான் மருந்து பாட்டிலில் ஊற்றி, பழக்கதோஷத்தில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று சீட்டு ஒட்டிவிட்டேன். "ஏங்க, சாப்பாடே இதுதான்னா நான் எதுக்குப் பின்னாடி குடிக்கறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், சீட்டை மாற்றிவிட்டேன். மாற்றிய சீட்டில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று இருந்தது, அவளும் சொன்னபடி கேட்கிறவள்தானே, சுடச்சுட இருந்த பாட்டிலை மூடியை இறுக்கிக் குலுக்கியிருக்கிறாள். மூடியோடு சூப்பும் பறந்துபோய் மின்விசிறியில் பட்டது, விசிறி அப்போது சுற்றிக்கொண்டிருந்தது, சூப் நாலு சுவருக்கும் சரிசமமாகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவளைத் திட்டலாமென்று திரும்பினால் அவள் புருவத்தில் ஒரு காரட் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. திட்ட முடியவில்லை.

அதன் பிறகு பாட்டிலை விட்டுவிட்டுக் கல்வத்துக்கு மாறினேன். மாத்திரை பொடிக்கிற கல்வம், நான் ஓய்வு பெற்ற அன்று என்னோடு வேலை பார்த்தவர்கள் பரிசாகக் கொடுத்தது, அலமாரியில் சும்மாதான் கிடந்தது. வெந்த கீரை, பீட்ரூட், ஓட்ஸ், பச்சைப்பயறு எல்லாவற்றையும் அதில் போட்டு மை மாதிரி அரைத்துவிட்டால் மெல்லுகிற வேலையும் மிச்சம், சத்தும் ஒன்றுபோல் போய்ச் சேரும். நிறம் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியாக வந்தது. ஆறட்டும் என்று ஜன்னல் மேடையில் வைத்திருந்தேன். அன்றைக்கு ஜன்னல் சட்டத்துக்கு வர்ணம் பூச வந்திருந்த பெயிண்டர் வெளியிலிருந்து கையை நீட்டிப் பிரஷ்ஷை அதில் முக்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். "சார், நல்லாப் பிடிக்குது, இன்னொரு கோட்டே வேணாம்" என்று எனக்குப் பாராட்டு வேறு. நான் உள்ளதைச் சொன்னேன். அவர் பிரஷ்ஷைப் பார்த்தார், உள்ளே சாப்பாட்டு மேசையில் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்த உங்கள் தங்கையைப் பார்த்தார், ஏணியை எடுத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டார். அந்தக் கோடு இன்னும் சட்டத்தில் இருக்கிறது, துணியால் துடைத்தும் போகவில்லை.

ருசியைப் பற்றிக் கேட்பீர்கள். மருந்து கலக்குகிறவன் ருசி பார்க்கக் கூடாது மச்சான், அது எங்கள் தொழில் தர்மம், இருமல் மருந்தை ஒவ்வொரு தடவையும் நக்கிப் பார்த்தால் ஆஸ்பத்திரி என்னத்துக்கு ஆகும்? அதனால் நான் இதுவரை ஒரு கரண்டிகூட வாயில் வைத்ததில்லை. ஒரு நாள் அவள், "கொஞ்சம் எலுமிச்சம்பழமாவது பிழிஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். டாக்டர் சொல்லாததை நான் எப்படிச் சேர்ப்பது? "அடுத்த தடவை போறப்ப கேட்டுட்டுச் சேர்த்துக்கலாம்" என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் குடித்துவிட்டாள். குறை சொல்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. அடுத்த தடவை போனபோது அழுத்தம் இறங்கியிருந்தது, டாக்டரம்மா "வெரி குட்" என்றார், அந்தச் சந்தோஷத்தில் எலுமிச்சையைக் கேட்க மறந்துவிட்டேன். எடையும் இறங்கித்தான் இருந்தது. அதைத்தான் நீங்கள் கன்னம் ஒட்டிப்போச்சு என்கிறீர்கள், நான் குணம் தெரிகிறது என்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு உள்ளதை எழுதாமல் விட்டால் தப்பு. நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டைச் சொல்லவில்லை, அது எங்கேயும் கிடைக்கும். காலையில் எழுந்ததும் "பால் காச்சியாச்சா" என்று சத்தமாகக் கேட்பேன், அவள் "காச்சியாச்சு" என்பாள். பால் பொங்குகிற வாசனை எனக்கே வரும், இருந்தாலும் கேட்பேன். அந்தப் பதில் இல்லாமல் ரெண்டு மாசம் ஓட்ட என்னால் ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அவளை இத்தனை நாள் பிரிந்து இருந்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். வயதானவன் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பெரிய மனசு பண்ணி வராமல் இருந்துவிடுங்கள். அவள் உடம்புக்கு நான் பொறுப்பு.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோரும் நோய்நொடியில்லாமல், நன்றாகப் பசித்து, நன்றாகச் சாப்பிட்டு, தீர்க்காயுசாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து, எழுத்துப் பிழை பார்ப்பதற்காக உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பிழை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் இன்று மதியம் நான் அரைத்து வைத்ததில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "ஒரு வாய்" என்றாள். "டாக்டர் எனக்கு எழுதலியே" என்றேன். "நான் எழுதறேன், குடிங்க" என்றாள். குடித்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எப்படியோ இறக்கிவிட்டு, "இதையா இத்தனை நாளும் குடிச்சே?" என்று கேட்டேன். "நீங்க செஞ்சு தந்ததாச்சே" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாதி அவள் சொன்னதனால், பாதி அந்தக் கீரையினால். பிறகு அவளே பீன்ஸை அரைவேக்காடாக வேகவைத்து, ரெண்டு பல் பூண்டைத் தட்டி ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி, மிளகு தூவி, எலுமிச்சை பிழிந்து, உப்பைக் கண்ணில் காட்டி இறக்கினாள். ரெண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். டாக்டரம்மா சொன்னதும் இதைத்தானாம், அன்றைக்குத் தலையை ஆட்டியது புரிந்துதானாம்.

ஆகவே மச்சான், சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். அவள் வரவில்லை. என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள், அடுப்பு அவளுக்குத் தனியாக வேண்டுமாம், கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் இருந்தால் எனக்கு இந்தச் சமையல் பித்து இறங்கும் என்கிறாள். என் துணிகளை மடித்துப் பையில் வைத்தாகிவிட்டது. ரெண்டு மாசமெல்லாம் வேண்டாமாம், ஒரு வாரம் போதுமாம். அதற்கு மேல் நான் இல்லாமல் தன்னால் ஆகாது என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள்.